முடியாத வழக்கு: அமெரிக்க மேற்கின் சாகச நாவல்கள்

1892 ஏப்ரலில் அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்துக்குள் ஒரு தனி ரயில் வந்து நின்றது. இறங்கியவர்கள் ஐம்பது பேர் அளவில் இருப்பார்கள். பெரிய மாட்டுப் பண்ணைகளின் முதலாளிகள், அவர்களுடைய ஆட்கள், டெக்ஸாஸிலிருந்து கூலி பேசி அழைத்துவரப்பட்ட துப்பாக்கிக்காரர்கள். ஜான்சன் கவுன்டியில் யார் யாரைத் தீர்த்துக்கட்ட வேண்டும் என்ற பட்டியலைக் கையோடு கொண்டு வந்திருந்தார்கள். மாட்டுத் திருடர்களை ஒழிக்கப் போகிறோம் என்பது முதலாளிகள் சொன்ன காரணம். பட்டியலில் இருந்தவர்களில் பலர் சிறு குடியேறிகள். சொந்தமாக நாலு மாடு வைத்துக்கொள்ளத் துணிந்த முன்னாள் கூலிக்காரர்கள். அவர்களில் ஒருவரான நேட் சாம்பியனை, அவர் தங்கியிருந்த மரவீட்டுக்குத் தீவைத்து வெளியே ஓடிவரச் செய்து சுட்டுக் கொன்றார்கள். முற்றுகைக்கு நடுவே அவர் கிறுக்கி வைத்த குறிப்புகள் பிறகு பத்திரிகைகளில் வெளியாயின. சேதி பரவியதும் ஊர்க்காரர்கள் திரண்டு, வந்தவர்களை ஒரு பண்ணையில் வளைத்துக்கொண்டார்கள். கடைசியில் அரசின் குதிரைப்படை வந்தது, வளைக்கப்பட்ட முதலாளிகளைக் காப்பாற்ற. வழக்கு கைவிடப்பட்டது, ஒருவருக்கும் தண்டனை இல்லை.

நீதிமன்றம் கைவிட்ட அந்த வழக்கைப் பத்தே ஆண்டுகளில் நாவல் கையிலெடுத்தது. அன்றிலிருந்து அமெரிக்க மேற்கைப் பற்றிய நல்ல கதைகள் திரும்பத் திரும்ப இதே தகராறைக் கிளறிக்கொண்டிருக்கின்றன. சட்டம் இன்னும் முழுசாக வந்து சேராத ஊரில் நியாயத்தைச் சொல்வது யார்? நிறைவேற்றுவது யார்? ஒவ்வொரு தலைமுறையும் மேல்முறையீடு செய்கிறது. ஒவ்வொரு முறையும் தீர்ப்பு மாறுகிறது. குதிரையும் துப்பாக்கியும் மட்டுமே இந்த வகையின் சரக்கு என்றிருந்தால் அது என்றோ பழைய புத்தகக் கடைக்குப் போயிருக்கும்.

முன்கதை

இந்தக் கேள்விக்கு விதை போட்டவர் ஜேம்ஸ் ஃபெனிமோர் கூப்பர். 1823இல் வந்த அவருடைய ‘பயனியர்ஸ்’ நாவலில் நாட்டி பம்போ என்ற கிழ வேட்டைக்காரன் வருகிறான். காடே வீடாக வாழ்ந்தவன். ஊர் உருவாகிறது, நீதிபதி வருகிறார், வேட்டைக்குப் பருவம் வகுக்கும் சட்டமும் வருகிறது. பருவம் தவறி மான் சுட்ட விவகாரத்தில் கிழவன் கைதாகிறான். அந்த மண்ணுக்கு வழிகாட்டியவனையே அந்த மண்ணின் புதுச் சட்டம் சிறையில் தள்ளுகிறது. பின்னால் வந்த நூற்றுக்கணக்கான நாவல்களின் முடிச்சு இந்த ஒரு காட்சியில் இருக்கிறது.

1860இல் பீடில் நிறுவனம் பத்து சென்ட் விலையில் சாகசக் கதைப் புத்தகங்களை அச்சடித்துத் தள்ளத் தொடங்கியது. 1869இல் நெட் பன்ட்லைன் என்ற எழுத்தாளர், உயிரோடிருந்த வில்லியம் கோடியை ‘பஃபலோ பில்’ ஆக்கிக் கதையில் உலவவிட்டார். 1883இல் கோடி தன்னையே காட்சிப்பொருளாக்கி ஊர் ஊராக ஒரு குதிரைக் கண்காட்சியை நடத்தலானார். அதே காலத்தில் அசல் மேற்கு சுருங்கிக்கொண்டிருந்தது. டெக்ஸாஸ் மாடுகளை வடக்கே ரயிலடிக்கு ஓட்டிச்செல்லும் நெடும்பயணங்கள் உள்நாட்டுப் போருக்குப் பின் தொடங்கி ஏறக்குறைய இருபது ஆண்டுகளே நீடித்தன. 1874இல் காப்புரிமை பெற்ற முள்கம்பி வேலி மேய்ச்சல் வெளியைத் துண்டு போட்டது; 1886-87 குளிர்காலம் மந்தை மந்தையாக மாடுகளைக் கொன்றது. குடியேற்றத்தின் எல்லைக்கோடு என்று ஒன்று இனி இல்லை என்று 1890 மக்கள்தொகைக் கணக்கு சொன்னது. அதை வைத்து 1893இல் வரலாற்றாசிரியர் ஃபிரெடரிக் ஜாக்சன் டர்னர் சிகாகோவில் தன் புகழ்பெற்ற கட்டுரையை வாசித்தபோது, அதே ஊரில் பஃபலோ பில்லின் காட்சிக்குக் கூட்டம் அலைமோதியது. கௌபாய் நாவலின் பெரும்பகுதி, அது சித்தரிக்கும் காலம் முடிந்த பிறகு எழுதப்பட்டது.

முதல் தீர்ப்பு

ஓவன் விஸ்டர் ஃபிலடெல்ஃபியாவின் வசதியான குடும்பத்தவர், ஹார்வர்டில் படித்தவர். 1885இல் உடல்நலத்துக்காக வயோமிங் போனவர் தங்கியது ஃபிராங்க் வுல்காட் என்பவரின் பண்ணையில். 1892 படையெடுப்புக்குத் தலைமை தாங்கியவர் இதே வுல்காட். எனவே 1902இல் வெளியாகிப் பெரும் விற்பனை கண்ட ‘வர்ஜீனியன்’ எந்தப் பக்கம் சாயும் என்பதில் வியப்பில்லை. பெயரே சொல்லப்படாத அதன் நாயகன், மாடு திருடிய தன் உற்ற நண்பன் ஸ்டீவைத் தூக்கிலிடும் கூட்டத்தில் முன்நிற்கிறான். அது ஏன் சரி என்று பள்ளி ஆசிரியை மாலிக்கு விளக்கப் பாடுபடுகிறார் நீதிபதி ஹென்றி. முதலாளிகளுக்குச் சாதகமான தீர்ப்புதான். ஆனால் நாவல் அந்த விளக்கத்தோடு நிம்மதியடைவதில்லை. நண்பனைத் தூக்கிலிட்டவன் அதன்பின் மலைப்பாதையில் கலங்குவதை விஸ்டர் எழுதியிருக்கிறார். வாதம் ஒரு பக்கம் இழுக்கிறது, கதை மறுபக்கம் இழுக்கிறது. நாவலை இன்றும் படிக்க வைப்பது அந்த இழுபறி.

மறுவிசாரணை

1940இல் வால்ட்டர் வான் டில்பர்க் கிளார்க் எழுதிய ‘ஆக்ஸ்-போ இன்சிடென்ட்’ அதே தூக்குக் கயிற்றை மறுபடி எடுத்தது. 1885ஆம் ஆண்டு நெவாடா. ஒரு மாட்டுக்காரன் கொல்லப்பட்டான் என்று வதந்தி வருகிறது. ஊர் கிளம்பிப் போய் வழியில் அகப்பட்ட மூவரைத் தூக்கிலிடுகிறது. திரும்பும் வழியில் தெரிகிறது, செத்ததாகச் சொல்லப்பட்டவன் உயிரோடு இருக்கிறான். விஸ்டரின் நீதிபதி சொன்ன சமாதானம் ஒவ்வொன்றும் இங்கே குப்புற விழுகிறது. துப்பாக்கிச் சண்டை கிடையாது, வீரன் கிடையாது. தவறென்று தெரிந்தும் எதிர்த்துப் பேசாத மனிதர்கள்தான் புத்தகம் முழுக்க.

1949இல் ஜாக் ஷேஃபரின் ‘ஷேன்’ வயோமிங்குக்கே திரும்புகிறது. 1889ஆம் ஆண்டு, வழக்கு அதே வழக்கு. பண்ணை முதலாளி ஃப்ளெச்சர் ஒரு பக்கம், நிலத்தை உழுது வாழும் ஸ்டாரெட் குடும்பம் மறுபக்கம். எங்கிருந்தோ வரும் ஷேன் குடியேறிகளுக்காகத் துப்பாக்கி எடுக்கிறான். விஸ்டரின் தீர்ப்பு அப்படியே தலைகீழாகிவிட்டது. இதிலும் ஒரு முள் உண்டு. ஊருக்கு அமைதி தந்தவனுக்கு அந்த அமைதியில் இடமில்லை. அவன் போயாக வேண்டும்.

மான்டானாவின் டாரதி ஜான்சன் இன்னும் கூர்மையாகக் கேட்டார். ‘லிபர்ட்டி வாலன்ஸைச் சுட்டவன்’ சிறுகதையில், கொடியவனைச் சுட்ட பேரால் ஒருவன் அரசியலில் உயர்ந்துவிடுகிறான். சுட்டவன் உண்மையில் வேறொருவன். அவன் பேர் தெரியாமல் சாகிறான். சட்டத்தின் ஆட்சிக்கு அடித்தளமே ஒரு பொய் என்றால் என்ன செய்வது? ஜான் ஃபோர்டு 1962இல் எடுத்த படம் உலகறிந்தது. சில பக்கங்களே கொண்ட மூலக்கதை அதைவிட வறண்டது, கடுமையானது.

சார்லஸ் போர்ட்டிஸின் ‘ட்ரூ கிரிட்’ (1968) வழக்காடும் பொறுப்பைப் பதினாலு வயதுப் பெண்ணிடம் ஒப்படைத்தது. அப்பாவைக் கொன்றவனைப் பிடிக்க முரட்டு மார்ஷல் ரூஸ்டர் காக்பர்னைக் கூலிக்கு அமர்த்தும் மேட்டி ராஸின் ஆயுதம் வக்கீல் பேர். குதிரை வியாபாரியிடம் அவள் பேரம் பேசும் இடம் இந்த வகையின் மிகச்சிறந்த சண்டைக்காட்சி என்பேன். ஒரு தோட்டாகூட வெடிப்பதில்லை.

வேலையும் வெளியும்

வாதம் மட்டும் வாசகரைப் பிடித்துவைக்காது. ஓஹையோவில் பிறந்த பல் மருத்துவர் ஜேன் கிரே ‘ரைடர்ஸ் ஆஃப் தி பர்ப்பிள் சேஜ்’ (1912) நாவலில் யூட்டாவின் பள்ளத்தாக்குகளை ஒரு கதாபாத்திரமாகவே நடமாட விட்டார். அவருடைய காதல் வசனங்கள் இன்று திகட்டும். பாறையும் வெளிச்சமும் திகட்டாது. மறுபக்கம், உண்மையாகவே மாடோட்டிய ஆண்டி ஆடம்ஸ், பொய்யான கௌபாய் கதைகளால் வெறுத்துப்போய் 1903இல் ‘லாக் ஆஃப் எ கௌபாய்’ எழுதினார். ரியோ கிராண்டே கரையிலிருந்து மான்டானா வரை மந்தையை ஓட்டிப்போகும் கதை. ஆற்றைக் கடத்துவது, இரவுக் காவல், தண்ணீர் இல்லாத நாட்களில் மிரளும் மாடுகள், சமையல் வண்டி என்று வேலையே கதையாக விரிகிறது. பிற்காலத்தில் லூயி லமூரின் நாவல்கள் கோடிக்கணக்கில் விற்றதற்கும் இந்த விஷய ஞானம் ஒரு காரணம். ஊற்று எங்கே இருக்கும், பாலைவனத்தில் தடத்தை எப்படிப் படிப்பது என்று அவருடைய நாயகர்களுக்குத் தெரியும். படிக்கிறவருக்கும் தெரிந்ததுபோல் ஆகிவிடும்.

1985இல் இந்த இரு ஓடைகளும் உச்சம் தொட்டன. லாரி மக்மர்ட்ரியின் ‘லோன்சம் டவ்’ ஆடம்ஸின் பாதையிலேயே டெக்ஸாஸிலிருந்து மான்டானா போகிறது. வயதான இரண்டு முன்னாள் ரேஞ்சர்கள், வெட்டியாக ஒரு பயணம், வழியெல்லாம் அர்த்தமில்லாத சாவுகள். மேற்கின் மயக்கத்தைத் தெளிவிக்க எழுதியவருக்குப் புலிட்சர் பரிசும், மயக்கம் தெளிய மறுத்த லட்சக்கணக்கான வாசகர்களும் கிடைத்தார்கள். இறந்த நண்பனின் உடலைப் பல நூறு மைல் சுமந்து ஊர் சேர்க்கும் இறுதிப் பகுதிக்கு, சார்லஸ் குட்நைட் தன் கூட்டாளி ஆலிவர் லவிங்கின் உடலை டெக்ஸாஸுக்குக் கொண்டுவந்த உண்மை நிகழ்வு முன்மாதிரி. அதே ஆண்டு வந்த கார்மக் மெக்கார்த்தியின் ‘பிளட் மெரிடியன்’ எந்த மயக்கத்துக்கும் இடம் தரவில்லை. 1849-50இல் பூர்வகுடிகளின் தலைத்தோலை உரித்து விற்ற கிளான்டன் கும்பலின் கதை அது. அதில் ‘ஜட்ஜ்’ என்று அழைக்கப்படும் ஹோல்டன் போரையே கடவுளாக்கிப் பேசுகிறான். கூப்பரில் தொடங்கிய நீதிபதிகளின் வரிசை இவனில் வந்து நிற்கிறது.

அடுத்த ஆண்டே வழக்கின் எதிர்த்தரப்பு வாய் திறந்தது. பிளாக்ஃபீட் பூர்வகுடி வழிவந்த ஜேம்ஸ் வெல்ச்சின் ‘ஃபூல்ஸ் க்ரோ’ (1986) 1870 ஜனவரியில் அமெரிக்கப் படை நடத்திய மரையாஸ் படுகொலையை நோக்கி நகர்கிறது. அதில் வரலாறு முழுக்கப் பூர்வகுடிப் பார்வையில் விரிகிறது; வெள்ளையர்கள் ஓரத்தில் நிற்கும் அந்நியர்கள்.

கடல் கடந்த மேற்கு

அமெரிக்காவைப் பாராமலே அதை எழுதியவர்களும் உண்டு. ‘வினெட்டூ’வைப் படைத்த ஜெர்மானியர் கார்ல் மே, 1908இல்தான் அமெரிக்க மண்ணை மிதித்தார், அப்போதும் கிழக்குப் பகுதியோடு சரி. இத்தாலியில் 1948இல் போனெல்லியும் காலெப்பினியும் படைத்த டெக்ஸ் வில்லர், சிவகாசியின் லயன் காமிக்ஸ் வழியே தமிழ் வாசகர்களுக்கு ‘இரவுக் கழுகார்’ ஆனார். ஷார்லியே, ஜிரோ இருவரின் பிரெஞ்சு நாயகன் புளூபெரி இங்கே கேப்டன் டைகர். நம்மில் பலருக்கு மேற்கு முதலில் அறிமுகமானது மிலானும் பாரிஸும் வழியாக. அதனால் நமக்குக் கிடைத்த தீர்ப்பும் வேறு. டெக்ஸ் நவஹோ பூர்வகுடிகளின் தலைவர். பண்ணை முதலாளியும் ஊழல் அதிகாரியும் பெரும்பாலும் வில்லன்கள். டெக்ஸின் ஆத்ம நண்பர் கிட் கார்சன். வரலாற்றின் கிட் கார்சனோ 1863-64இல் நவஹோக்களின் பயிரையும் மந்தையையும் அழித்து, அவர்களை நூற்றுக்கணக்கான மைல் நடத்திச் சிறைவைக்க வழிசெய்த படைக்குத் தலைமை தாங்கியவர். அந்த மனிதரையே நவஹோ தலைவரின் தோழராக்கியிருக்கிறது ஐரோப்பியக் கற்பனை. இதைப் பிழை என்று தள்ளிவிடலாம். நடந்திருக்க வேண்டியது இதுதான் என்று இத்தாலியிலிருந்து வந்த ஒரு மேல்முறையீடு என்றும் படிக்கலாம்.

இந்த வகை செத்துவிட்டது என்று பலமுறை அறிவித்தாகிவிட்டது. அப்படிச் சொல்கிறவர்கள் சாட்சிப் பட்டியலைப் பார்ப்பதில்லை. கறுப்பினக் கௌபாய் நேட் லவ் 1907இலேயே தன்வரலாறு எழுதினார். பெருவாரியான நாவல்கள் அவரைப் போன்றவர்களைக் கண்டுகொள்ளவில்லை. கௌபாய் தொழிலையே கற்றுத்தந்த மெக்ஸிகோ மாட்டுக்காரர்கள் துணைப்பாத்திரங்களாகவே காலம் தள்ளினார்கள். 2020இல் சி பாம் ஜாங்கின் ‘ஹௌ மச் ஆஃப் தீஸ் ஹில்ஸ் இஸ் கோல்ட்’ நாவலில் சீன வம்சத்துச் சிறார் இருவர், அப்பாவின் உடலைக் குதிரையில் ஏற்றிக்கொண்டு அடக்கம் செய்ய இடம் தேடி அலைகிறார்கள். நிலம் யாருக்குச் சொந்தம் என்ற கேள்வி, பிணத்தைப் புதைக்க ஆறடி கிடைக்குமா என்று இறங்கி வந்திருக்கிறது. முன்கூட்டியே தீர்ப்பை எழுதிவைத்துக்கொண்டு தொடங்கிய நாவல்கள் இந்தத் துறையில் சீக்கிரம் உதிர்ந்துவிட்டன. நாயகன் பக்கம் நின்று கைதட்டும்போதே நமக்குள் சங்கடத்தைக் கிளப்புபவை நிலைத்திருக்கின்றன. கூண்டேற வேண்டிய சாட்சிகள் இன்னும் மிச்சமிருப்பதால், நாவலாசிரியர்களுக்கு இங்கே வேலையும் மிச்சமிருக்கிறது.