உடைமையும் எழுத்துரிமையும்: 'புனோம் பென் போஸ்ற்' பற்றிய ஒரு நோக்கு

பத்திரிகைச் சுதந்திரம் பற்றிப் பேசுவோர் தணிக்கையையும் தடைச்சட்டத்தையுமே பெரிதும் சுட்டுவர். ஏட்டின் உடைமை யாரிடம் உள்ளது என்னும் வினா அத்துணைக் கவனம் பெறுவதில்லை. கம்போடியாவில் 1992 இல் தோன்றிய 'புனோம் பென் போஸ்ற்' என்னும் ஆங்கில ஏட்டின் வரலாறு இவ்வினாவின் இன்றியமையாமையை உணர்த்துகின்றது.

தொடக்கத்தில் இருவாரத்துக்கொருமுறை வெளிவந்த இவ்வேடு, அவுஸ்திரேலிய முதலீட்டாளர் கைக்கு மாறியபின் 2008 இல் நாளேடாயிற்று. ஆட்சியாளரைத் தயங்காது விமர்சித்தமையால் மதிப்புப் பெற்றது. 2017 செப்ரெம்பரில், 63 இலட்சம் டொலர் வரி கோரப்பட்ட நிலையில், மற்றோர் ஆங்கில நாளேடான 'கம்போடியா டெய்லி' மூடப்பட்டது. 2018 மே மாதத்தில் போஸ்ற், மலேசிய மக்கள் தொடர்பு நிறுவனமொன்றின் தலைவரான சிவகுமார் கணபதிக்கு விற்கப்பட்டது. அதன்மீதிருந்த 39 இலட்சம் டொலர் வரிக்கோரிக்கையும் அவ்விற்பனையையொட்டித் தீர்ந்தது.

ஏட்டின் செய்தியாளர் அவ்விற்பனையையே செய்தியாக்கினர். புதிய உரிமையாளரின் நிறுவனத்துக்கும் அன்றைய பிரதமர் ஹுன் சென்னுக்கும் முன்னர் இருந்த தொழில்முறைத் தொடர்பையும் அதிற் சுட்டினர். செய்தியை நீக்குமாறு பணிப்பு வந்தது. பிரதம ஆசிரியர் கே கிம்சொங் பதவி நீக்கப்பட்டார். ஆசிரியபீடத்தார் பலர் தாமாகவே விலகினர். அவ்வாண்டு யூலைத் தேர்தலில் ஆளுங்கட்சி 125 ஆசனங்களையும் கைப்பற்றியது.

விலகியோரின் நேர்மை போற்றற்பாலது. ஆயினும் அவர்கள் அதுவரை நுகர்ந்த சுதந்திரம் எதன்மேல் நின்றது என்பதும் நோக்கற்பாலது. உரிமையாளர் மாறிய சில நாள்களுள் ஆசிரியர் நீக்கப்படக்கூடியதாயிருந்தமை, அச்சுதந்திரம் உரிமையாக அன்றி, முதலாளியின் இசைவால் நிலவிய வழக்கமாகவே இருந்ததைக் காட்டுகின்றது. நல்ல முதலாளி வாய்த்த காலத்தில் இக்குறை புலப்படவில்லை.

தன் உடைமையை நிருவகிக்கும் உரிமை வாங்கியவருக்கு உண்டென வாதிடலாம். கட்டடமும் இயந்திரமும் விலைக்குரியனவே. ஆனால் வாசகரின் நம்பிக்கை, இருபத்தாறு ஆண்டுகளாகச் செய்தியாளர் உழைப்பால் விளைந்தது. அது விற்பனைப் பத்திரத்தில் அடங்காது. அவ்வாறே, வரி அறவிடுதல் எந்த அரசுக்கும் உரியதாயினும், தேர்தலை அண்மித்த காலத்தில் விமர்சன ஏடுகள்மீது பெருந்தொகை சுமத்தப்பட்டமையைத் தற்செயலெனக் கொள்வது அரிது. தடைச்சட்டம் சாதிக்க வேண்டியதை இங்கு வரிச்சீட்டும் விற்பனைப் பத்திரமும் சாதித்தன.

2024 மார்ச்சில் போஸ்றின் அச்சுப் பதிப்பு நின்றது. ஆசிரியரை நியமிக்கவும் நீக்கவுமான அதிகாரம் உடைமையாளரின் தனிவிருப்புக்கு அப்பால் வரையறுக்கப்படாதவிடத்து, எந்த ஏட்டின் சுதந்திரமும் அடுத்த விற்பனை வரையிலானதே என்பதை அதன் வரலாறு தெளிவுறுத்துகின்றது.