தட்டைப் பாதம்: சுவடும் தீர்ப்பும்

வெறுங்காலோடு வளர்ந்தவருக்குப் பாத வளைவு கெடாது என்ற பேச்சு கல்வராயன் மலைக்கு எளிதில் பொருந்திவிடுகிறது. வெள்ளிமலைப் பக்கம் செருப்பில்லாமல் ஏறி இறங்கி வளர்ந்த தலைமுறை இன்னும் இருக்கிறது. கீழே கள்ளக்குறிச்சியில் எல்.கே.ஜி. பிள்ளையின் கால் மூடிய ஷூவுக்குள் போய்விடுகிறது. இந்தப் பேச்சுக்கு அறிவியல் முகம் கொடுத்தவை மணிப்பால் கஸ்தூர்பா மருத்துவக் கல்லூரியின் பெஞ்சமின் ஜோசப் பங்கேற்ற இரண்டு ஆய்வுகள். அவை நிறுவியது எது, நிறுவாதது எது என்று பிரித்துவிட்டால், நடுவயதில் வளைவு சரிந்து வலியோடு வருபவருக்கான சிகிச்சையை எடைபோடுவது எளிது.

ராவுடன் சேர்ந்து 1992இல் வெளியிட்ட முதல் ஆய்வு 4 முதல் 13 வயது வரையான 2300 பிள்ளைகளின் காற்சுவடுகளைப் பார்த்தது. காலணி அணிந்தவர்களில் 8.6 விழுக்காட்டினருக்கும், அணியாதவர்களில் 2.8 விழுக்காட்டினருக்கும் தட்டைப் பாதம். சச்சிதானந்தத்துடன் செய்த 1995ஆம் ஆண்டு ஆய்வு, எலும்பு வளர்ச்சி முடிந்த 1846 பேரை எடுத்துக்கொண்டது. ஆறு வயதுக்குள் காலணி போடத் தொடங்கியவர்களிடம் 3.24 விழுக்காடு, 16 வயதுக்குப் பின் தொடங்கியவர்களிடம் 1.75. காலணி போட்டார்களா என்பதோடு நில்லாமல் எப்போது தொடங்கினார்கள் என்று கேட்டது இதன் பெரிய சிறப்பு. உடற்பருமனையும் தசைநார்த் தளர்ச்சியையும் கணக்கில் கொண்ட பிறகும் வேறுபாடு நிலைத்தது.

குறைகளும் கனமானவை. சிறுவயதுப் பழக்கத்தைப் பெரியவர்களின் நினைவிலிருந்து கேட்டறிய வேண்டியிருந்தது. இந்த இரண்டாம் ஆய்வில் விகிதம் ஏறத்தாழ இரட்டிப்பு என்றாலும், உண்மையான இடைவெளி நூற்றுக்கு ஒன்றரைப் பேர்தான். அசையாமல் நிற்கும் பாதத்தின் சுவடு வடிவத்தைக் காட்டும். வலியையோ வலுவையோ காட்டாது. ஆகவே பிள்ளைப் பருவத்தில் வளைவு உருவாவதைப் பற்றி இந்த ஆய்வுகள் பேசலாம். ஐம்பது வயதில் சரிந்த வளைவைச் செருப்பைக் கழற்றி மீட்கலாம் என்று இவற்றிலிருந்து முடிவு கட்டுவது அத்துமீறல்.

வடிவம் வேறு, நோய் வேறு. 1993இல் கோவன் குழுவினர் அமெரிக்கத் தரைப்படைப் பயிற்சியாளர்கள் 246 பேரை ஆராய்ந்தபோது, மிகத் தட்டையான பாதம் கொண்டவர்களே குறைவாகக் காயப்பட்டார்கள். இந்திய ராணுவ அதிகாரித் தேர்வின் மருத்துவ விதியும் இவ்விஷயத்தில் தெளிவானது: எக்கி நிற்கும்போது வளைவு திரும்பி வந்து, விரல்நுனியில் ஓடவும் குதிக்கவும் முடிந்து, பாதம் வலியில்லாமல் நெகிழ்ந்தால் தகுதி உண்டு. படைத் தேர்வுக்குத் தயாராகும் நம் பையன்கள் ஈரக்காலைச் சிமெண்ட் தரையில் பதித்துப் பார்த்து அஞ்சுவதைவிட, இந்தக் கேள்விகளைத் தமக்குக் கேட்டுக்கொள்வது மேல்.

பெரியவர்களுக்குப் புதிதாக வரும் சரிவுக்கு வேறு இலக்கணம் உண்டு. உள்கணுக்காலின் பின்னால் இறங்கி வளைவைத் தாங்கும் டிபியாலிஸ் போஸ்டீரியர் தசைநாண் நைந்து நீள்கிறது. பெரும்பாலும் ஒரு காலில். சுவரைப் பிடித்துக்கொண்டு, ஒற்றைக் காலில் நின்று குதிகாலை உயர்த்தச் சொன்னால் முடியாது. உயர்த்தினாலும் குதிகால் உள்நோக்கித் திரும்பாது. பின்னாலிருந்து பார்த்தால் அந்தக் காலில் கூடுதல் விரல்கள் வெளிப்பக்கம் தெரியும். கருவியோ செலவோ இல்லாத இச்சோதனை சுவட்டைவிடக் கூர்மையானது. 1989இல் ஜான்சனும் ஸ்ட்ரோமும் இச்சரிவுக்கு வகுத்த படிநிலைகளின் வலிமை, ஒவ்வொரு படிக்கும் ஒரு சிகிச்சையைப் பொருத்தியது. பலவீனம், பழியை ஒரே தசைநாணின் மேல் போட்டது. 2020இல் வல்லுநர் குழு தசைநார்களையும் மூட்டுகளையும் சேர்த்துப் பார்க்கும் வகைப்பாட்டை முன்வைத்து அதை ஓரளவு சரிசெய்தது.

சிகிச்சையில், பாதம் நெகிழ்வாக இருக்கும் கட்டத்தில் தாங்குபட்டையும் முறையான பயிற்சியும் முதலிடம் பெறத் தக்கவை. 2006இல் ஆல்வாரஸ் குழுவினர் 47 பேருக்கு இரண்டையும் சேர்த்துக் கொடுத்ததில் 83 விழுக்காட்டினர் தேறினார்கள். ஒப்பீட்டுக் குழு இல்லாத ஆய்வு என்பதால் இதை உறுதியான ஆதாரமாகக் கொள்ள முடியாது. நம்பிக்கைக்குரிய அறிகுறி என்ற அளவில் ஏற்கலாம். கடையில் விற்கும் வளைவு மெத்தை வலியைத் தணிக்கலாம். நைந்த தசைநாணை வலுப்படுத்தாது. மரவள்ளி மூட்டையோடு சரிவில் இறங்குபவரிடம் மெத்தையை மட்டும் கொடுத்து, சுமையைக் குறைக்கச் சொல்லாமலும் கெண்டைக்கால் பயிற்சியைக் கற்றுத்தராமலும் அனுப்புவது அரைகுறை வைத்தியம். 2021இல் தொடங்கிய தமிழக அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் இயன்முறை மருத்துவத்தையும் வீட்டுக்குக் கொண்டுவருவதால் மலைக்கும் இது எட்டாத சிகிச்சையல்ல. நெகிழ்ந்த பாதம் பயிற்சிக்கு இணங்காதபோது தசைநாண் மாற்றமும் குதிகால் எலும்பைத் திருத்துவதும், விறைத்துவிட்டால் மூட்டுகளை இணைப்பதும் நியாயம். வலியில்லாத தட்டைப் பாதத்தில் கத்தி வைப்பதற்கு நியாயமே இல்லை.

ஒரு விலக்கு: நீண்டகாலச் சர்க்கரை நோயாளியின் பாதம் சூடாக, சிவந்து வீங்கி, அதிகம் வலிக்காமல் தட்டையானால் எலும்புகளே நொறுங்கிக்கொண்டிருக்கலாம். அங்கே பயிற்சி ஆபத்து. காலை ஊன்றாமல் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

எனவே தீர்ப்பு இது. மணிப்பால் ஆய்வுகள் பெற்றோருக்கு நல்ல அறிவுரை. நோயாளிக்கு மருந்துச் சீட்டு அல்ல. படிநிலை மருத்துவம் முழுமையற்றது, ஆனால் கையிலுள்ளவற்றில் அதுவே ஒழுங்கானது. மெத்தை துணை, பயிற்சி முதன்மை, அறுவை கடைசி. பாதத்தின் உயரத்தை மட்டும் அளந்து சிகிச்சை சொல்பவர், வைத்தியரானாலும் வியாபாரியானாலும், தேர்வில் தவறியவரே.