வாளை அடிப்பவருக்கு என்ன கூலி?

ஆன்லைன் விளையாட்டுக்காரர்களிடையே தீராத வழக்கு ஒன்று உண்டு. அரக்கனை வெட்டப் போகிறவருக்கு வரும்படி அதிகமா, ஊருக்குள் உலையடியில் இருந்துகொண்டு அவருக்கு வாள் அடித்துக் கொடுப்பவருக்கா? சண்டைக்குப் போகிறவர் செத்தால் சாமான் போகும். சாகாவிட்டாலும் மருந்துக்கும் கவசப் பழுதுக்கும் செலவு உண்டு. கிராஃப்டிங் செய்பவருக்கு இந்தத் தொல்லை கிடையாது. தாது வாங்கி, உருக்கி, பொருளாக்கி, விற்றுவிட்டுப் போகலாம். பார்த்த மாத்திரத்தில் உலையடிதான் லாபம் என்று தோன்றும்; நோட்டைத் திறந்து வரவு செலவு எழுதிப் பார்த்தால் பெரும்பாலும் அப்படி வருவதில்லை.

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்துத் தெருக்களில் இந்தக் கணக்கு கணினி வருவதற்கு வெகு காலம் முன்பே போடப்பட்டது. சேலை நெய்தால் கட்டுப்படியாகுமா என்று அங்கே கேட்பார்கள். பதில் சொல்ல வேண்டியது தறிதான் என்றாலும், அந்தப் பதிலை எழுதுபவர்கள் தறிக்கு முன்னும் பின்னும் நிற்கிறவர்கள். விளையாட்டுகளிலும் நிலைமை இதுவே.

இங்கிலாந்தின் ஜாகெக்ஸ் நிறுவனம் 2001இல் வெளியிட்ட ரூன்ஸ்கேப்பை எடுத்துக்கொள்ளலாம். அதன் பழைய வடிவம் 2013 முதல் 'ஓல்டு ஸ்கூல்' என்ற பெயரில் தனியாக ஓடுகிறது. அதில் கொல்லுவேலைத் திறனை 99ஆம் லெவலுக்குக் கொண்டுபோக 1,30,34,431 புள்ளிகள் வேண்டும். மாதக்கணக்கில் உழைத்து அந்த உயரத்தை எட்டியவர் மட்டுமே ஐந்து ரூன் கட்டிகளை உருக்கி ரூன் மார்புக்கவசம் செய்ய முடியும். செய்து முடித்த கவசத்தை மந்திரம் போட்டுக் காசாக்கினால் கிடைப்பது 39,000 நாணயம். சந்தை விலையும் அதை ஒட்டியே நிற்கும். அந்த ஐந்து கட்டிகளின் விலையோ பல ஆண்டுகளாக அதைவிட அதிகம். ஊரிலேயே தலைசிறந்த கொல்லர் கைப்பட்டதும் சரக்கின் மதிப்பு குறைந்துபோகிறது!

காரணம் இரண்டு. அரக்கர்களைக் கொன்றால் அதே ரூன் சாமான்கள் கீழே விழுகின்றன. சண்டைக்காரருக்கு அவை கொசுறு, வந்த விலைக்குத் தள்ளிவிடுவார். இரண்டாவது காரணம் இன்னும் ஆழமானது. 99ஐ நோக்கி ஏறும் ஒவ்வொருவரும் வழியில் ஆயிரக்கணக்கில் கத்தியும் கவசமும் அடித்துத் தள்ளுகிறார்கள். அவர்களுக்கு வேண்டியது புள்ளி. பொருள் வெறும் கழிவு. புள்ளியே கூலியாகிவிட்ட சந்தையில் பணக்கூலி கேட்பவர் நஷ்டப்படாமல் என்ன செய்வார்? 1997இல் வந்த அல்டிமா ஆன்லைனில் இந்த நோய் முதலிலேயே வெளிப்பட்டது. திறனை வளர்ப்பதற்காகவே செய்து குவித்த சட்டைகளும் ஆயுதங்களும் கடைகளில் தேங்கி, வடிவமைப்பாளர்களைத் திணறடித்தன.

இதற்கு எதிர்ப்பக்கத்தில் சண்டைக்காரரின் கையில் ஏகபோகம் இருக்கிறது. அதே ரூன்ஸ்கேப்பில் 'அபிஸல் விப்' என்ற சாட்டையை யாரும் செய்ய முடியாது. அரக்க வேட்டைத் திறனில் 85ஆம் லெவலைத் தொட்டு, குறிப்பிட்ட ஒரு பிசாசை வெட்டிக்கொண்டே இருக்க வேண்டும். சராசரியாக 512 பிசாசுக்கு ஒரு சாட்டை. ஒருவருக்கு அரை மணியில் கிடைக்கும், இன்னொருவர் இரவெல்லாம் வெறுங்கையோடு வெட்டுவார். சண்டையின் வருமானம் சீட்டு விழுவது போன்றது என்பதை மறுக்க முடியாது. ஆனாலும் உள்ளே வர வாசல் குறுகலாக இருப்பதால் விலை நிற்கிறது. உலையடியின் வாசல் அகலம். யாரும் வரலாம், வந்தவரெல்லாம் விலையை ஒரு காசு குறைக்கலாம்.

அப்படியானால் செய்பவர் பிழைக்கும் விளையாட்டே இல்லையா? இருக்கிறது. ஐஸ்லாந்தில் 2003இல் பிறந்த ஈவ் ஆன்லைன். அங்கே ஓடும் விண்கலங்களில் மிகப் பெரும்பாலானவை விளையாடுபவர்களே வரைபடம் வாங்கி, கனிமம் சேர்த்துக் கட்டியவை. போரில் வெடித்த கலம் வெடித்ததுதான், திரும்பி வராது. 2014 ஜனவரி 27 அன்று பி-ஆர்5ஆர்பி என்ற மண்டலத்தில் தொடங்கிய போர் சுமார் 21 மணி நேரம் நடந்தது. கட்டி முடிக்கவே பல வாரம் பிடிக்கும் டைட்டன் ரகக் கலங்கள் 75 அழிந்தன. நிஜப் பணத்தில் மதிப்பிட்டால் 3 லட்சம் டாலருக்கும் மேல் என்றார்கள். உரிமைக் கட்டணம் ஒன்று நேரத்துக்குக் கட்டப்படாமல் போனதில் மூண்ட சண்டை அது. இரண்டு தரப்பும் இழந்ததை மறுபடி கட்டியாக வேண்டும். கலம் கட்டுகிறவர் எந்தப் பக்கமும் சாயாமல் ஜிடா என்ற பெரிய சந்தையில் சரக்கை வைத்துக்கொண்டு காத்திருந்தால் போதும். அழிவு இருக்கும் இடத்தில்தான் ஆக்கத்துக்குக் கிராக்கி. அல்டிமாவின் சட்டை தேங்கிக் கிடந்தது, ஈவின் கலம் வெடிக்கிறது.

ஆனால் ஈவிலும் எல்லாருக்கும் லாபம் வருவதில்லை. கணக்கு வைப்பவருக்கு வருகிறது. (அதை விளையாட்டு என்பதைவிட எக்செல் தாள் என்பதே பொருத்தம் என்று கேலி செய்வார்கள். கேலியை மெய்யாக்குவது போல, 2022இல் அதன் நிறுவனமே மைக்ரோசாஃப்டுடன் சேர்ந்து எக்செல் இணைப்பை அறிவித்தது.) புதியவர்கள் வழுக்கி விழும் இடம் ஒன்று அங்கே பிரசித்தம். கனிமத்தை நானே தோண்டினேன், ஆகவே அது எனக்கு இலவசம்; கலத்தை விற்றதெல்லாம் லாபம் என்று நினைப்பார்கள். தோண்டிய கனிமத்தை அப்படியே விற்றிருந்தால் கலத்தின் விலையைவிடக் கூடுதலாக வந்திருக்கும் என்பது அவர்களுக்கு உறைப்பதில்லை. தோண்டிய நேரத்துக்கும் விலை உண்டு என்பது அதைவிடத் தாமதமாக உறைக்கும்.

இந்த 'இலவசம்' காஞ்சிபுரத்தில் வீடுதோறும் இருக்கிறது. ஒரு பட்டுச்சேலை இறங்கப் பத்து நாளிலிருந்து இருபது நாள் வரை ஆகலாம். வேலைப்பாடு கூடினால் இன்னும் ஆகும். உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம் என்று இணைத்து நெய்யும் கோர்வைக்கு மூன்று நாடா ஓடும். கரையின் நாடாவைத் தள்ளிவிடப் பக்கத்தில் இன்னொருவர் உட்கார வேண்டும். தார் சுற்றுவது, அறுந்த இழையை முடிவது, பாவு புணைப்பது என்று தறிக்கு வெளியே எத்தனையோ வேலை. அவற்றில் பெரும் பகுதியை மனைவியும் தாயும் பிள்ளைகளும் செய்கிறார்கள். கூலியோ சேலைக்கு இவ்வளவு என்று ஒரே தொகை. வீட்டார் நேரத்தையெல்லாம் கூட்டி அந்தத் தொகையை வகுத்தால் மணிக்கூலி எங்கே போய் நிற்கும் என்று சொல்லத் தேவையில்லை. 2019–20இல் நடந்த நான்காவது அகில இந்தியக் கைத்தறிக் கணக்கெடுப்பின்படி நாட்டின் நெசவாளர் குடும்பங்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மாத வருமானம் 5,000 ரூபாய்க்குக் கீழே. பட்டு நெசவு பருத்தியைவிட மேல் என்றாலும், ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் போகும் கம்பெனி பஸ்ஸில் நெசவாளர் வீட்டுப் பிள்ளைகள் ஏறுவதற்கு வேறு விளக்கம் வேண்டாம். 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் உற்பத்தியைத் தொடங்கிய பிறகு மாதச் சம்பளம் என்ற அளவுகோல் பக்கத்திலேயே வந்துவிட்டது. அதுவரை ஒரு தறியின் கூலியை இன்னொரு தறியின் கூலியோடுதான் ஒப்பிட முடிந்தது.

விளையாட்டுகளில் காஞ்சிபுரத்துக்கு மிக அருகில் வந்தது, தெரிந்தோ தெரியாமலோ, வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்ட். 2022இல் வந்த அதன் டிராகன்ஃப்ளைட் பகுதியில் ஆர்டர் முறை அறிமுகமானது. வேண்டியவர் மூலப்பொருளைத் தானே கொடுத்து, செய்கூலி இவ்வளவு என்று குறிப்பிட்டு ஆர்டர் போடுவார். திறமை உள்ளவர் செய்து கொடுத்துக் கூலியைப் பெற்றுக்கொள்வார். முதலாளியோ கூட்டுறவுச் சங்கமோ பட்டும் ஜரிகையும் கொடுக்க, நெசவாளர் சேலையாக்கித் திருப்பிக் கொடுக்கும் ஏற்பாடுதான் இது, அச்சு அசலாக.

இந்த முறையில் நல்லது இல்லாமல் இல்லை. கர்நாடகத்துப் பட்டு விலை ஏறினாலும் சூரத் ஜரிகையில் வெள்ளி விலை ஏறினாலும் நெசவாளர் கைமுதல் கரைவதில்லை. விற்காத சேலை அவர் தலையில் விழுவதில்லை. ரூன் கட்டி வாங்கி நஷ்டப்படும் கொல்லருக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது. ஆனால் விலை ஏறும்போது வரும் லாபமும் அவரைத் தொடாமல் போகிறது. வார்கிராஃப்டிலும் பொது ஆர்டர்கள் அரிதாகி, திறமைசாலிகள் அரட்டைப் பலகையில் கூவிக் கூவி ஆள் பிடிக்கத் தொடங்கினார்கள். கூவத் தொடங்கினால் கூலி எந்தப் பக்கம் நகரும் என்பது தெரிந்ததுதானே. பணம் பார்த்தவர்கள் ஏலச் சந்தையில் மலிவான நேரத்தில் மூலப்பொருளை வாங்கி அடுக்கியவர்கள். அவர்களில் பலர் வாளையும் தொடவில்லை, சுத்தியலையும் தொடவில்லை. காஞ்சிபுரம் காந்தி சாலையின் கண்ணாடிக் கடைகளைப் பார்த்தவருக்கு இது ஆச்சரியம் தராது.

ஆகவே 'செய்வதா, சண்டையா' என்ற கேள்வியே பாதி தவறு. செய்பவரே விற்பவராகவும் இருந்து, பொருள் தேய்ந்து அழியும் உலகமாகவும் இருந்தால் செய்வது வெல்லும். புதிய பகுதி வெளியாகும் முதல் சில வாரங்களிலும், எல்லாருக்கும் சாமான் வேண்டியிருப்பதால், வெல்லும். மற்றபடி மணிக்கணக்கில் சண்டைதான் மேல். சலிப்பில்லாமல், தோல்வியில்லாமல், வேறு வேலையோடு சேர்த்துச் செய்யலாம் என்பதே கிராஃப்டிங்கின் உண்மையான பலம்; அதற்காக அதைத் தேர்ந்தெடுப்பவர் ஏமாறுவதில்லை.

ஒப்பீடு உடைந்துபோகும் இடம் ஒன்றும் இருக்கிறது. விளையாட்டில் பொருள் தேயும் இடத்தில் அரிய திறமைக்கு விலை கிடைக்கும். 2003இல் தொடங்கிய ஸ்டார் வார்ஸ் கேலக்ஸீஸில் ஆயுதங்கள் தேய்ந்தன, நல்ல கைவினைஞரின் பெயரைச் சொல்லித் தேடி வந்து வாங்கினார்கள். 2005 நவம்பரில் நிறுவனம் விதிகளை மாற்றிச் சண்டையை முன்னிறுத்தியதும் அந்தக் கூட்டம் கலைந்தது. 2011 டிசம்பரில் விளையாட்டே மூடப்பட்டது. காஞ்சிபுரத்திலோ கோர்வை தெரிந்த கைகள் குறைந்துகொண்டே வந்தும் கூலி அதற்கேற்ற வேகத்தில் ஏறவில்லை. கோர்வைக் கரைக்கும் ஜக்கார்டில் ஒரே ஓட்டமாக நெய்த கரைக்கும் வித்தியாசம் வாங்க வருபவருக்குத் தெரிவதில்லை. விசைத்தறிச் சேலையும் அதே ஊர்ப் பெயரில் விற்கிறது. 1985ஆம் ஆண்டின் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டமும் 2005இல் கிடைத்த புவிசார் குறியீடும் இருந்தும் நிலைமை இதுதான். முன்பணம் வாங்கிய நெசவாளர் வேறு முதலாளியிடம் போய் விலை பேசுவதும் எளிதில்லை.

வார்கிராஃப்டில் ஒரு கவசத்தின் மேல் சுட்டியை வைத்தால் செய்தவர் பெயர் தெரியும். காஞ்சிச் சேலையில் பட்டு முத்திரை இருக்கும், கடைப் பெயர் இருக்கும். நெய்தவர் பெயர் இருப்பதில்லை. கைத்தறிக் கூட்டுறவு நிறுவனமான கோ-ஆப்டெக்ஸ் ஒரு காலத்தில் நெய்தவரின் படமும் பெயரும் கொண்ட அட்டையைச் சேலையோடு வைத்துப் பார்த்தது. நல்ல யோசனை, ஆனால் பாதி வழி. அட்டை கடைக்கு வந்த சேலையில் கட்டப்பட்டது. கூலி பாவு தறியில் ஏறும்போதே பேசி முடிந்திருக்கும். பெயரைப் பார்த்து வாங்குபவர் கூடுதலாகக் கொடுக்கும் பணத்தில் ஒரு பங்கு அந்தப் பெயருக்குத் திரும்பிப் போக வழி வைத்திருந்தால், 99ஆம் லெவல் கொல்லருக்குக் கிடைக்காத ஒன்று பிள்ளையார்பாளையத்து நெசவாளருக்குக் கிடைத்திருக்கும்.