ஏடு பார்த்தவர்கள், மெய்ப்புப் பார்த்தவர்கள்

ஏலாக்குறிச்சி என்றால் அடைக்கல மாதா, அடுத்து வீரமாமுனிவர். தேம்பாவணிப் புலவராகவும் சதுரகராதி தந்தவராகவும் அவரைப் போற்றி மலர்கள் எத்தனையோ வந்துவிட்டன. பதிப்புத் தொழிலுக்கு அவர் செய்த உதவியைப் பற்றி மட்டும் அவ்வளவாகப் பேச்சில்லை.

ஏடு பார்த்துப் பழகியவர்களுக்கு அந்த உதவியின் அருமை தெரியும். எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஓலை பழுதாகும் என்று ஏடெழுதுவோர் புள்ளியை விட்டுவிடுவார்கள். எகர ஏகாரத்துக்கு ஒரே வடிவம், ஒகர ஓகாரத்துக்கும் அப்படியே. ஏட்டில் ‘கொள’ என்று கண்டால் அது கொள, கோள, கொள், கோள் என்னும் நான்கில் எதுவாகவும் இருக்கலாம். காலும் ரகரமும் ஒன்றுபோல இருப்பது இன்னொரு தொல்லை. பாட்டுக்கும் உரைக்கும் இடைவெளி விடுவதும் கிடையாது. குறில் நெடிலுக்கு வேறு வேறு வடிவம் காட்டி, வீரமாமுனிவர் இந்தத் தொல்லைகளில் ஒன்றைத் தீர்க்க வழி செய்தார். ஆனால் அவருக்கு முந்திய ஏடுகளைப் படிக்க வந்தவர்கள், ஒவ்வோர் எழுத்தாகத் தாமே முடிவு செய்ய வேண்டியிருந்தது. யாப்பும் எதுகையும் பொருளும்தான் அவர்களுக்குத் துணை. 1732இல் அவர் முடித்த சதுரகராதியின் நான்கு பகுதிகளில் ஒன்று தொடையகராதி. எதுகைப்படி சொற்களைத் தொகுத்த பகுதி அது. ஓலை முறிந்து ஓர் எழுத்து போன இடத்தில் இப்படிப்பட்ட தொகுப்பு எவ்வளவு உதவும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

அவருடைய நூல்களே பதிப்பாசிரியர் கைக்கு வரக் காத்துக் கிடந்தவைதான். 1747இல் அவர் மறைந்தார். பரமார்த்த குரு கதை லண்டனில் அச்சானது 1822இல். சதுரகராதி 1824இல் சென்னையில் வந்தது. தேம்பாவணியின் 3,615 பாடல்களும் புதுச்சேரியில் அச்சேறும்போது 1850களே பிறந்துவிட்டன.

அச்சு பெருகிய அந்தப் பத்தொன்பதாம் நூற்றாண்டில்தான் தமிழ்ப் பதிப்பு பல வழிகளாகப் பிரிந்தது. முதலில் யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலரின் வழி. தாமே அச்சுக்கூடம் வைத்து, தாமே மெய்ப்புப் பார்த்து, பிழையில்லாத புத்தகம் கொடுத்தவர். நாவலர் பதிப்பு என்று சொன்னால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கினார்கள். ஆனால் எந்த ஏட்டில் எப்படி இருந்தது, தாம் எதைத் தள்ளினார் என்பதை அவர் பெரும்பாலும் வாசகருக்குச் சொல்வதில்லை. அவர் புலமையை நம்பத்தான் வேண்டும். நம்பத் தகுந்த புலமை என்பதால் அவருக்கு அது பொருந்தியது. அந்த வழியைப் பின்பற்றிய சிறிய கைகள் செய்த கோளாறுகள் தனிக்கதை.

சி. வை. தாமோதரம் பிள்ளை வேறு மாதிரி. ஏடுகள் கையில் எடுக்கும்போதே உதிர்வதைப் பார்த்துப் பதறியவர். பிழை இருந்தால் பின்வருவோர் திருத்திக்கொள்ளட்டும், நூல் அழியக் கூடாது என்பது அவர் கட்சி. வீரசோழியம் 1881, தொல்காப்பியப் பொருளதிகாரம் 1885, கலித்தொகை 1887 என்று அவர் ஓடிய வேகத்துக்குக் காரணம் அதுதான். அவர் பதிப்புரைகளில் வாதமும் சண்டையும் உண்டு. எனக்கு அவை பிடிக்கும்.

உ. வே. சாமிநாதையர் நம் மாவட்டங்களுக்கு உறவு. இளமையில் அரியலூரிலும் குன்னத்திலும் தமிழ் கற்றவர், அரியலூர்ச் சடகோபையங்காரிடம் பாடம் கேட்டவர். சீவக சிந்தாமணியைக் கையில் எடுத்தபோது, சமணக் கொள்கை தெரியாமல் அந்த நூல் விளங்காது என்று கண்டு, கும்பகோணத்தில் இருந்த சமணர்களிடமே போய்க் கேட்டுத் தெரிந்துகொண்டார். 1887இல் நூல் வந்தது. பத்துப்பாட்டு, சிலப்பதிகாரம், புறநானூறு, மணிமேகலை எல்லாம் 1898க்குள் வந்துவிட்டன. ஏடு தந்தவர் பெயர், பாடபேதம், ஒப்புமைப் பகுதி, அகராதி என்று அவர் சேர்த்த ஒவ்வொன்றும், ‘நான் செய்ததை நீயே சோதித்துப் பார்’ என்று வாசகனிடம் சாவியைக் கொடுப்பது. பதிப்புக்கு நான் வைக்கும் அளவுகோல் இது ஒன்றுதான். பிழை எல்லோருக்கும் வரும். அதைக் கண்டுபிடிக்க வழி வைத்தவன் பதிப்பாசிரியன்.

ச. வையாபுரிப் பிள்ளை இந்த அளவுகோலை இன்னும் கூர்மையாக்கினார். பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகனின் பதிப்பாசிரியராக இருந்தவர், 1940இல் சங்க இலக்கியம் முழுவதையும் புலவர் வரிசையில் அமைத்துத் தந்தார். அவருடைய கால ஆராய்ச்சியோடு சண்டை போடுபவர்களும் அவர் பாடத்தை எடுத்தாளத்தான் செய்கிறார்கள். மர்ரே எஸ். ராஜம் 1950களில் சந்தி பிரித்து, மலிவு விலையில் பழைய நூல்களை வீட்டுக்கு வீடு கொண்டுசேர்த்தார். சந்தி பிரிப்பதும் ஒரு தீர்ப்புதான் என்பதைப் பண்டிதர்கள் முணுமுணுத்தார்கள். அதில் நியாயம் இருக்கிறது. ஆனாலும் படிக்க முடிந்த நூல்தான் பிழைக்கும்.

வாழும் எழுத்தாளர்களின் பிரதியில் கை வைப்பது இவற்றைவிடக் கடினம். பனையோலை எதிர்த்துப் பேசாது, எழுத்தாளர் பேசுவார். க்ரியா ராமகிருஷ்ணன் அதற்குத் துணிந்தார். 1974இல் தொடங்கிய பதிப்பகத்தில், ஒரு நூலை மாதக்கணக்கில் ஆசிரியரோடு உட்கார்ந்து செப்பனிட்டார். 1992இல் முதலில் வந்த தற்காலத் தமிழ் அகராதியின் மூன்றாம் பதிப்பை முடித்த 2020இலேயே மறைந்தார். பழைய ஏட்டுக்குரிய அக்கறையைப் புதுமைப்பித்தன் கதைகளுக்குக் காட்டியவர் ஆ. இரா. வேங்கடாசலபதி. காலவரிசை, பாடவேறுபாடு எல்லாம் அந்தப் பதிப்பில் உண்டு.

அச்சுக்கோத்த காலத்தில் மெய்ப்புக்கு இருவர் வேண்டும். ஒருவர் மூலப்படியை உரக்கப் படிப்பார், மற்றவர் புரூஃபில் கண் வைத்திருப்பார். டிடிபி வந்ததும் அந்த இரண்டாவது ஆளை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இன்று வரும் கோப்புகளில் காலுக்குப் பதில் ரகரமும், எகரத்துக்குப் பதில் ஏழு என்னும் தமிழ் எண்ணும் தட்டப்பட்டிருக்கின்றன. ஓலைக்காலத் தொல்லை கணினிக்குள் குடிவந்துவிட்டது. திரையில் பார்த்தால் தெரியாது, தேடினால் சொல் கிடைக்காது.

இந்த வட்டாரத்தில் வீரமாமுனிவரின் தேம்பாவணியிலிருந்தும் திருக்காவலூர்க் கலம்பகத்திலிருந்தும் பாடல் எடுத்து மலரும் சிறுநூலும் போடும் அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். எந்தப் பதிப்பின் பாடம் அது, திருத்தியவர் யார், மெய்ப்புப் பார்த்தவர் யார் என்று முதல் பக்கத்தின் பின்புறம் மூன்று வரி போடுங்கள்.