பூந்தமல்லித் தீர்ப்பும் புண்பட்டவர் பங்கும்

1998 ஜனவரி 28 அன்று பூந்தமல்லி தடா தனி நீதிமன்றம் ராஜீவ் காந்தி கொலை வழக்கில் குற்றம் சாட்டப்பட்ட 26 பேருக்கும் மரண தண்டனை விதித்தது. அடுத்த ஆண்டு மே மாதம் உச்ச நீதிமன்றம் அவர்களில் நால்வருக்கு மட்டுமே தூக்கை உறுதி செய்தது. மூவருக்கு ஆயுள், மீதி 19 பேர் கொலைக் குற்றத்திலிருந்து விடுபட்டார்கள். சாட்சியம் அதேதான், தூக்குக் கணக்கு மட்டும் 26இலிருந்து நான்காகச் சுருங்கியது. தண்டனை நீதியின் தராசு இம்மியும் பிசகாது என்பவர்கள் இந்தக் கணக்கைப் பார்க்க வேண்டும். அதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. ஸ்ரீபெரும்புதூரில் 1991 மே 21 இரவு ராஜீவோடு காவலர்களும் கட்சிக்காரர்களும் மாண்டார்கள். மூடிய கதவுகளுக்குள் நடந்த விசாரணையில் அவர்கள் வீட்டாருக்குச் சாட்சி என்பதற்கு மேல் வேறு இடம் கிடையாது. குற்றம் அரசுக்கு எதிரானது, ஆகவே அரசே வாதி என்கிற கோட்பாட்டில் புண்பட்டவர் கரைந்துபோகிறார். குற்றத்தால் நேர்ந்த இழப்பைச் செய்தவரே புண்பட்டவருக்கு ஈடுசெய்ய வைக்கும் சீரமைப்பு நீதி தட்டிக் கேட்பது இதைத்தான்.

நம் மரபு தண்டிக்க மட்டுமே தெரிந்த மரபு என்று எண்ணிவிடுகிறோம். மகனைத் தேர்க்காலில் இட்ட மனுநீதிச் சோழன் கதை அப்படி எண்ண வைக்கிறது. கொலைஞரை ஒறுப்பதைக் களையெடுப்போடு ஒப்பிடும் வள்ளுவரின் செங்கோன்மையும் அதற்குத் துணை நிற்கிறது. சோழர் காலக் கல்வெட்டுகள் இன்னொரு வழியையும் காட்டுகின்றன. வேட்டையில் குறி தவறியோ, கைகலப்பிலோ உயிர் போனால், கொல்லும் எண்ணம் இல்லை என்று தெரிந்தபின், செய்தவன் உயிரைக் கேட்காமல் கோயிலில் நந்தா விளக்கு என்ற அணையா விளக்கு எரிக்க ஆடுகள் கொடுக்கச் சொன்னார்கள். ஒரு விளக்குக்குப் பெரும்பாலும் 90 அல்லது 96 ஆடுகள். சாவா மூவாப் பேராடு என்று பெயர். எண்ணிக்கை குறையாமல் என்றைக்கும் காக்க வேண்டிய பொறுப்பு அது. விளக்கின் நெய் கோயிலுக்குப் போனதே தவிர இறந்தவன் வீட்டு அடுப்புக்குப் போகவில்லை என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. இன்றைய சீரமைப்பு நீதி அந்த இடத்தில்தான் முன்னேறியிருக்கிறது. 1974இல் கனடாவின் எல்மைரா ஊரில் பொருள்களை நாசம் செய்த இரு இளைஞர்கள் பாதிக்கப்பட்ட வீடுகளுக்கே போய் இழப்பை ஈடுகட்டினார்கள். நியூசிலாந்து 1989 சட்டத்தின் வழியே இளையோர் வழக்குகளில் குடும்பக் கூட்டத்துக்கு இடம் கொடுத்தது.

'இதைத்தானே கட்டப்பஞ்சாயத்து செய்கிறது?' என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஊர்ப் பெரியவர்களின் சமரசம் எத்தனையோ முறை சாதியின், பணத்தின் சமரசமாக முடிந்திருக்கிறது. கட்டப்பஞ்சாயத்து சட்டவிரோதம் என்று உச்ச நீதிமன்றம் 2011இல் கண்டித்தது. 2015இல் பாலியல் வன்கொடுமை வழக்கொன்றைச் சமரச மையத்துக்கு அனுப்பிய சென்னை உயர் நீதிமன்ற ஆணை கடும் எதிர்ப்புக்குப் பின் திரும்பப் பெறப்பட்டது. திரும்பப் பெற்றதே சரி. ஆக, உரைகல் ஒன்றுதான்: பாதிக்கப்பட்டவர் அச்சமின்றி 'முடியாது' என்று சொல்ல இயலுமா? இயலுமானால், அந்த மறுப்பைச் சட்டம் காக்குமானால், அது நீதி. இல்லையென்றால் மிரட்டல்.

2008 மார்ச்சில் ராஜீவின் மகள் பிரியங்கா காந்தி, அந்தக் கொலை வழக்கில் தண்டனை பெற்ற நளினியை வேலூர்ச் சிறையில் தன் விருப்பத்தில் சந்தித்தார். எந்த நீதிமன்றமும் ஏற்பாடு செய்யாத சந்திப்பு. அது அந்த உரைகல்லில் தேறும். ஆனால் உடன் இறந்தவர்களின் குடும்பத்தார் சிலர் மன்னிக்கவில்லை. தண்டிக்கப்பட்டவர்களின் விடுதலையை எதிர்த்து உச்ச நீதிமன்றம் போனார்கள், 2019இல் மனு தள்ளுபடியானது. அவர்களுடைய மறுப்புக்கும் அதே மதிப்பு உண்டு. பெரிய குடும்பத்தின் மன்னிப்பு செய்தியாகிறது, காவலர் வீட்டுக் கோபம் கோப்பில் உறங்குகிறது. இந்த ஏற்றத்தாழ்வு சீரமைப்பு நீதிக்கும் இழுக்கு. அந்த வழக்கில் சிறையில் எஞ்சியிருந்த ஆறு பேரும் 2022 நவம்பரில் விடுதலையானார்கள்.

கொடிய குற்றத்துக்குச் சிறை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சிறைக்கதவு மூடியதோடு வழக்கு முடிந்தது என்று கருதாதீர்கள் என்கிறேன். பாதிக்கப்பட்டோருக்கு இழப்பீடு வழங்கும் பிரிவு 2009 முதல் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இருந்தது. அதற்குப் பதிலாக வந்த புதிய சட்டத்திலும் தொடர்கிறது. பூந்தமல்லி, அம்பத்தூர் நீதிமன்றங்களில் வழக்காடும் வழக்கறிஞர்கள் முதல் சந்திப்பிலேயே அதைப் புண்பட்டவருக்குச் சொல்ல வேண்டும். வழக்கறிஞர் வைக்க வசதியில்லாதவர்கள் 15100 என்ற இலவசச் சட்ட உதவி எண்ணை அழைக்கலாம்.