கைம்பெண்ணின் இரயில் பயணம்

ஜப்பானிய இயக்குநர் யசுஜிரோ ஓசு 1936-இல் எடுத்த 'ஒரே மகன்' அவருடைய முதல் பேசும் படம். பட்டுநூல் ஆலையில் உழைக்கும் கைம்பெண் ஒருத்தி, மகனின் படிப்புக்காக வீட்டையும் நிலத்தையும் விற்றுவிடுகிறாள். ஆண்டுகள் பல கழிந்தபின், மலைநாட்டிலிருந்து டோக்கியோவுக்கு இரயிலேறி அவனைக் காணச் செல்கிறாள். பெரும் பதவியில் இருப்பான் என நம்பிச் சென்றவள் காண்பதோ ஓர் ஏழை இரவுப் பள்ளி ஆசிரியனை! அவனுக்கு மணமாகி ஒரு குழந்தை இருப்பதும் அங்கே சென்ற பின்னரே அவளுக்குத் தெரிகிறது. பலகாரப் பொட்டலத்துடன் கல்லூரி விடுதிக்கு இரவு வண்டி ஏறும் நம் பங்குப் பெற்றோரை நினையாமல் இப்படத்தைக் காண நம்மால் இயலவில்லை.

குதிரை உதைத்துக் காயமுற்ற அண்டைவீட்டுச் சிறுவனுக்காக, தாயை மகிழ்விக்க வைத்திருந்த பணத்தை மகன் கொடுத்துவிடுகிறான். தாய் பெருமிதம் கொள்கிறாள். தியாகத்திற்குக் கைம்மாறு கிடைத்துவிட்டது என்று இக்காட்சியோடு நிறைவடைவோர் உண்டு. நாம் அவ்வாறு கருதவில்லை. மகனின் இரக்கம் மெய்யானதே. ஆனால் தாயின் இழப்பை அது ஈடுசெய்துவிட்டதாக ஓசு எங்கும் காட்டவில்லை.

ஏழைக் கைம்பெண்ணின் காணிக்கையைப் புகழ்ந்து மறையுரை ஆற்றும் நாம், அதற்குச் சற்று முன்னர்தான் கைம்பெண்களின் வீடுகளை விழுங்குவோரை ஆண்டவர் கண்டித்தார் என மாற்கு எழுதியிருப்பதைப் பெரும்பாலும் கடந்துவிடுகிறோம். ஓசு கடந்துவிடவில்லை. ஆலைக்குத் திரும்பியவள், மகன் பெரிய ஆளாகிவிட்டான் என்று தோழியிடம் சொல்லுகிறாள். பிறகு வெளியே தனியே சென்று அமர்கிறாள். அப்போது நடிகை சோக்கோ ஈடாவின் முகத்திலிருந்து அந்தப் புன்னகை மெல்ல இறங்குகிறது.