பாதுகாப்பு இற்றையும் பயனர் படும் பாடும்: விண்டோஸ் 10 மீட்புப் பகுதி விவகாரம்

மைக்ரோசாஃப்ட் நிறுவனம் ஒவ்வொரு மாதமும் இரண்டாவது செவ்வாய்க்கிழமை தன் இயங்குதளங்களுக்கான பாதுகாப்பு இற்றைகளை வெளியிடுகிறது. 2003 அக்டோபர் முதல் இருந்துவரும் வழக்கம் இது. 2024 சனவரி 9 அன்று வந்தவற்றுள் ஒன்று, விண்டோஸ் 10-க்கான கேபி5034441. அப்டேட் போட்டபின் வரும் தொல்லைகளில் எவை தவிர்க்க முடியாதவை, எவை அலட்சியத்தால் வந்தவை என்று பிரித்துப் பார்க்க இந்த இற்றை நல்ல எடுத்துக்காட்டு. இதனால் யாருடைய கணினியும் முடங்கவில்லை, கோப்புகள் அழியவில்லை. ஆனாலும் பல மாதங்கள் பயனர்களை இது அலைக்கழித்தது.

முதலில் இந்த இற்றை எதற்காக வந்தது என்பதைப் பார்ப்போம். விண்டோஸ் கணினியின் வன்தட்டில் சி டிரைவ் தவிர, நம் கண்ணில் படாத சில சிறு பகுதிகளும் உண்டு. அவற்றுள் ஒன்று மீட்புப் பகுதி. விண்டோஸ் தொடங்க மறுக்கும்போது நீல நிறத் திரையில் 'பழுது பார்', 'முந்தைய நிலைக்குத் திரும்பு' போன்ற தெரிவுகளைக் காட்டுகிற மீட்புச் சூழல் அங்கேதான் இருக்கிறது. இந்தச் சூழலில் இருந்த ஒரு குறையின் வழியாக, கணினியைக் கையில் வைத்திருக்கும் ஒருவர் பிட்லாக்கர் பூட்டைத் தாண்டி, மறையாக்கம் செய்யப்பட்ட தரவைப் பார்த்துவிட முடியும். சிவிஇ-2024-20666 என்று எண்ணிடப்பட்ட அந்தக் குறையை அடைக்கவே கேபி5034441 வந்தது. மடிக்கணினி திருடு போனால் உள்ளே இருப்பதாவது பத்திரமாக இருக்கட்டும் என்றுதான் பிட்லாக்கரைப் போடுகிறோம். ஆகவே நோக்கத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

நடந்தது வேறு. இற்றை தானாகப் பதிவிறங்கியது, நிறுவத் தொடங்கியது, பாதியில் நின்றது. திரையில் 80070643 என்று முடியும் ஒரு பிழை எண் வந்தது. மறுபடி முயன்றால் மறுபடி அதே எண். கணினியை அணைத்துப் போட்டாலும் அதே எண். இணையத்தில் தேடியவர்களுக்கு, இது பொதுவாக நிறுவல் தோல்வி என்பதைச் சொல்லும் பழைய குறியீடு என்று தெரிந்தது. தோல்வி என்பது ஏற்கெனவே தெரிந்த செய்திதானே. டாட்நெட் பழுது, விண்டோஸ் இற்றைச் சேவையின் பழுது, வைரஸ் எதிர்ப்பு மென்பொருளின் குறுக்கீடு என இதே எண்ணுக்கு முன்பு சொல்லப்பட்ட தீர்வுகள் பல இருந்தன. பலரும் அவற்றை ஒவ்வொன்றாகச் செய்து பார்த்தார்கள். எதற்கும் பலன் இல்லை. சிலர் விண்டோஸையே அழித்துவிட்டுப் புதிதாக நிறுவும் அளவுக்குப் போனார்கள்.

உண்மைக் காரணம் இடப் பற்றாக்குறை. புதிய மீட்புச் சூழலை எழுதுவதற்கு மீட்புப் பகுதிக்குள் 250 எம்பி காலியிடம் வேண்டும். பல கணினிகளில் அது இல்லை. சி டிரைவில் நூறு ஜிபி சும்மா கிடந்தாலும் பயனில்லை, இடம் வேண்டியது அந்தச் சிறு பகுதிக்குள். 'போதிய இடமில்லை' என்பதற்கென்று தனிப் பிழைக் குறியீடு விண்டோஸிலேயே இருக்கிறது. ஆனால் பிழையைக் கையாளும் நிரலில் இருந்த வழுவால் அதற்குப் பதில் வேறு எண் காட்டப்படுகிறது என்று மைக்ரோசாஃப்ட்டே தன் உதவிப் பக்கத்தில் ஒப்புக்கொண்டது. அதாவது இற்றையில் ஒரு சிக்கல், அந்தச் சிக்கலைச் சொல்ல வேண்டிய செய்தியில் இன்னொரு சிக்கல். என் பார்வையில் இரண்டாவதுதான் பெரிய குற்றம். இடம் போதாது என்று ஒரு வரி தெளிவாகச் சொல்லியிருந்தால் தேடலின் திசையே மாறியிருக்கும்.

தீர்வாகத் தரப்பட்டதைப் பாருங்கள். நிர்வாகி உரிமையுடன் கட்டளைச் சாளரத்தைத் திறக்க வேண்டும். ரீஏஜென்ட்சி என்ற கட்டளையால் மீட்புச் சூழல் எந்த வட்டில், எத்தனையாவது பகுதியில் இருக்கிறது என்று பார்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும். பிறகு அதை முடக்க வேண்டும். அடுத்து டிஸ்க்பார்ட் என்ற கருவிக்குள் நுழைந்து, வட்டைத் தேர்ந்து, விண்டோஸ் இருக்கும் பகுதியைத் தேர்ந்து, அதில் 250 எம்பி குறைக்க வேண்டும். அதன்பின் பழைய மீட்புப் பகுதியைத் தேர்ந்து, கட்டாயமாக அழிக்கும் கட்டளையைக் கொடுக்க வேண்டும். பிறகு புதிய பகுதியை உருவாக்க வேண்டும். இங்கே வட்டு ஜிபிடி வகையா எம்பிஆர் வகையா என்பதைப் பொறுத்துக் கட்டளை மாறும். ஜிபிடி என்றால் நீளமான ஓர் அடையாள எண்ணை எழுத்துப் பிசகாமல் தட்டச்சிட வேண்டும். கடைசியில் வடிவமைத்து, மீட்புச் சூழலை மீண்டும் இயக்க வேண்டும்.

டிஸ்க்பார்ட்டை அறிந்தவர்களுக்குத் தெரியும், அது 'நிச்சயமாக அழிக்கவா?' என்று கேட்கும் கருவி அல்ல. பகுதி எண் 4 என்பதற்குப் பதில் 3 என்று தேர்ந்துவிட்டு அழிக்கும் கட்டளையைக் கொடுத்தால், அந்தப் பகுதி போனதுதான். கணினி அறிவியல் மாணவருக்கு இது ஒரு நல்ல பயிற்சியாக இருக்கலாம். கணக்கு எழுதவும், பேரப்பிள்ளையுடன் காணொளியில் பேசவும் கணினி வைத்திருப்பவரிடம் இதைச் செய்யச் சொல்வது, மின்கம்பத்தில் ஏறி நீங்களே இணைப்பைச் சரிசெய்துகொள்ளுங்கள் என்று மின்வாரியம் சொல்வதைப் போன்றது. இந்த வேலையை எளிதாக்கப் பவர்ஷெல் நிரல்களையும் நிறுவனம் வெளியிட்டது உண்மை. ஆனால் பவர்ஷெல் என்றால் என்னவென்று அறியாதவருக்கு அது எந்த வகையில் எளிது?

இதே உதவிப் பக்கத்தில் இன்னொரு குறிப்பும் இருந்தது. உங்கள் கணினியில் மீட்புப் பகுதியே இல்லை என்றால் இந்த இற்றை உங்களுக்குத் தேவையில்லை, பிழையைப் பொருட்படுத்த வேண்டாம் என்பது அதன் சாரம். மீட்புப் பகுதி இருக்கிறதா, எவ்வளவு காலியிடம் இருக்கிறது என்பதெல்லாம் விண்டோஸுக்குத் தெரியும். ஒரு கட்டளையில் அதுவே சொல்லிவிடுகிறது. அப்படியிருக்கத் தேவையில்லாத கணினிக்கு ஏன் அனுப்ப வேண்டும்? பிட்லாக்கரைத் தொட்டே பார்க்காதவர்களின் கணினிக்கும் அது வந்து தோற்றுக்கொண்டிருந்தது. சிக்கலைத் தீர்க்க முயல்வதாக முதலில் சொன்ன நிறுவனம், 2024 ஏப்ரல் இறுதியில், விண்டோஸ் 10-க்குத் தானியங்கித் தீர்வு வராது, கையால் செய்வதே வழி என்று அறிவித்துவிட்டது.

விண்டோஸுக்கு ஆதரவாகப் பேசுவோர் வழக்கமாக ஒரு நியாயம் சொல்வார்கள். எண்ணற்ற வகைக் கணினிகள், எண்ணற்ற வன்பொருள்கள். எல்லாவற்றிலும் சோதித்துப் பார்க்க எந்த நிறுவனத்தாலும் இயலாது என்பார்கள். அதில் உண்மை உண்டு. 2018 சனவரியில் மெல்ட்டவுன், ஸ்பெக்டர் குறைகளுக்கான இற்றை வந்தபோது, ஏஎம்டியின் பழைய செயலிகள் உள்ள சில கணினிகள் தொடங்கவே மறுத்தன. சில நாள்களில் அந்தக் கணினிகளுக்கு இற்றை அனுப்புவது நிறுத்திவைக்கப்பட்டது. செயலியைப் பற்றித் தங்களுக்குத் தரப்பட்ட ஆவணமும் செயலியும் ஒத்துப்போகவில்லை என்று மைக்ரோசாஃப்ட் சொன்னது. அங்கே இந்த வாதம் ஓரளவு எடுபடும். மீட்புப் பகுதி விவகாரத்தில் எடுபடாது. பல கணினிகளில் அந்தப் பகுதியை ஐந்நூறு எம்பி அளவில் பிரித்து வைத்ததே விண்டோஸின் நிறுவல் நிரல்தான். தான் கட்டிய அறை தன் சாமானுக்கே போதவில்லை என்றால், பழியை வன்பொருள் மீது போட முடியாது.

வேறு வகைத் தொல்லையும் உண்டு. அதில் இற்றை வெற்றியாக நிறுவப்படும், ஆனால் அதுவரை ஓடிய வேலை நின்றுபோகும். 2021-இல் 'பிரிண்ட்நைட்மேர்' எனப்பட்ட குறைக்காக சூலையில் அவசர இற்றை வந்தது. ஆகத்து மாதத்தில் அச்சுப்பொறி இயக்கியை வலையமைப்பு வழியாக நிறுவ நிர்வாகி உரிமை கட்டாயமானது. செப்டம்பர் இற்றைக்குப் பிறகு, வலையமைப்பில் பகிரப்பட்ட அச்சுப்பொறிகள் பல இடங்களில் இணைய மறுத்தன. ஒரு கணினியில் அச்சுப்பொறியை மாட்டி நான்கு கணினிகளில் பகிர்ந்துகொள்ளும் சிறு அலுவலகங்கள்தாம் அதிகம் தவித்தன. இற்றையை நீக்கியவர்களும் உண்டு. புதிதாக வந்த காப்பை அணைத்து வைக்கும் பதிவக மாற்றத்தைச் செய்து அச்சிட்டவர்களும் உண்டு. இரண்டுமே ஓட்டையைத் திறந்து வைப்பதுதான். மாறப்போவது என்ன என்று முன்கூட்டியே திரையில் எச்சரித்திருந்தால் இந்த நிலை பாதியாவது குறைந்திருக்கும்.

2024 ஆகத்து 13 இற்றை லினக்சையும் விட்டுவைக்கவில்லை. பாதுகாப்பற்ற பழைய தொடக்க நிரல்களைத் தடுக்க அது கொண்டுவந்த பட்டியல், விண்டோஸும் லினக்சும் சேர்ந்திருக்கும் கணினிகளுக்குப் பொருந்தாது என்று முன்னரே சொல்லப்பட்டிருந்தது. ஆனால் அத்தகைய கணினிகள் சிலவற்றில் லினக்சு தொடங்கவில்லை. இரட்டை இயங்குதளம் இருப்பதைக் கண்டறியும் சோதனை, எல்லா அமைப்பு முறைகளையும் கண்டுகொள்ளவில்லை என்பதே காரணம். இங்கே குறைந்தது சோதித்துப் பார்க்கும் எண்ணமாவது இருந்தது. 2025 அக்டோபர் 14 இற்றையோ விண்டோஸ் 11-இல் மீட்புச் சூழலுக்குள் யுஎஸ்பி விசைப்பலகையையும் சுட்டியையும் செயலிழக்கச் செய்தது. திரை தெரியும், எதையும் தேர்ந்தெடுக்க முடியாது. இற்றையால் கணினி கெட்டால் திரும்பிப் போக வேண்டிய இடமே அதுதான் என்பதால் இதன் விபரீதம் புரியும். ஆறே நாளில், அக்டோபர் 20 அன்று, திருத்தம் வந்தது.

இவற்றையெல்லாம் படித்துவிட்டு அப்டேட்டையே நிறுத்திவிடலாம் என்று தோன்றலாம். அப்படி அறிவுரை கூறும் காணொளிகளுக்கும் பஞ்சமில்லை. அது தவறான வழி. 2017 மே 12 அன்று வான்னாக்ரை என்ற பணயத் தீம்பொருள் உலகெங்கும் பரவியபோது, அது புகுந்த ஓட்டைக்கான இற்றை மார்ச் 14 அன்றே வெளியாகியிருந்தது. பிரிட்டனின் பொது மருத்துவமனைகள் உட்படப் பாதிக்கப்பட்டவை பெரும்பாலும் இற்றைப்படுத்தாத கணினிகள். ஆனால் 'ஏன் போடவில்லை?' என்று பயனரைக் கடிந்துகொள்வோர், காரணம் சொல்லாமல் மாதக்கணக்கில் தோற்றுக்கொண்டே இருக்கும் ஓர் இற்றை பயனருக்கு எதைக் கற்பிக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். சிவப்பு எழுத்தில் வரும் எச்சரிக்கையைப் பார்த்தும் பாராமல் கடந்து போகவே அது பழக்குகிறது.

விண்டோஸ் 10 வீட்டுப் பதிப்பில் இற்றையை 35 நாள் வரை தள்ளிவைக்கும் வசதி 2019 மே பதிப்பில் வந்தது. தேர்வோ ஆய்வேட்டுச் சமர்ப்பிப்போ நெருங்கும்போது மாணவர்கள் அதைத் தாராளமாகப் பயன்படுத்தலாம். ஒரு வாரத்துக்குள் பெரிய கோளாறுகள் பெரும்பாலும் வெளியே தெரிந்துவிடும். பிழை எண்ணைத் தேடுவதைவிட கேபி எண்ணைத் தேடுவது பலன் தரும், ஏனெனில் அறியப்பட்ட சிக்கல்களை மைக்ரோசாஃப்ட் கேபி எண் வாரியாகவே பட்டியலிடுகிறது. பிட்லாக்கர் மீட்புச் சாவியைத் தாளில் எழுதியோ அச்சிட்டோ வைத்திருங்கள். அது பூட்டிய கணினிக்குள்ளேயே இருந்தால் பயனில்லை. பகுதி பிரிக்கும் கட்டளைகளைத் தொடுமுன் கோப்புகளை வேறொரு வட்டில் படியெடுங்கள். மீண்டும் மீண்டும் தோற்கும் இற்றையைப் பட்டியலிலிருந்து மறைக்கும் சிறு கருவியையும் அந்நிறுவனமே தந்திருக்கிறது. பிட்லாக்கர் பயன்படுத்தாதவர் கேபி5034441-ஐ அப்படி மறைத்தால் பெரிய இழப்பில்லை. பயன்படுத்துபவர் மறைக்கக் கூடாது. தெரிந்தவரை அருகில் வைத்துக்கொண்டு பகுதியைப் பெரிதாக்குவதே அவருக்குச் சரி.

2025 அக்டோபர் 14 உடன் விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு முடிந்துவிட்டது. கட்டளைச் சாளரத்தைத் திறக்கத் துணியாதவர்களின் கணினிகளில் மீட்புப் பகுதி இன்னும் அதே பழைய அளவில், அதே பழைய குறையுடன் இருக்கிறது.